ஒதுக்கீட்டுத் தோட்டத்துக்குப் பசுமைக்குடிலா, பாலிடனலா?

பிரிட்டனில் நகராட்சிகளும் ஊர் மன்றங்களும் குடும்பங்களுக்குக் குறைந்த ஆண்டு வாடகையில் விடும் சிறு காய்கறி நிலத்தை 'அலாட்மென்ட்' என்கிறார்கள். தமிழில் ஒதுக்கீட்டுத் தோட்டம் எனலாம். இது பெரும்பாலும் வீட்டை ஒட்டி இருப்பதில்லை. ஊரின் ஒரு பகுதியில், வேலியிட்ட ஒரே நிலப்பரப்புக்குள் பல குடும்பங்களின் பாத்திகள் அடுத்தடுத்து இருக்கும். இங்கிலாந்திலும் வேல்சிலும் இந்த ஏற்பாட்டுக்கு 1908ஆம் ஆண்டின் சிறுநில, ஒதுக்கீட்டுத் தோட்டச் சட்டம் அடிப்படையாக அமைந்தது. முழுத் தோட்டத்தின் மரபான அளவு 10 ராட், அதாவது ஏறத்தாழ 250 சதுர மீட்டர். காத்திருப்போர் பட்டியல் நீண்டுவிட்டதால் இப்போது பல இடங்களில் அதில் பாதியைத்தான் புதியவர்களுக்குக் கொடுக்கிறார்கள்.

இப்படிப்பட்ட 125 சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மூடிய குடில் வைக்க விரும்புகிறவருக்கு முன்னால் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, அலுமினியம் அல்லது மரச்சட்டத்தில் கண்ணாடியோ பாலிகார்பனேட் தகடோ பொருத்திய பசுமைக்குடில். மற்றொன்று, வளைத்த இரும்புக் குழாய்களின் மேல் பாலித்தீன் விரிப்பை இழுத்துக் கட்டிய பாலிடனல். விற்பனைப் பட்டியல்கள் இவற்றை விலை, வெளிச்சம், ஆயுள் ஆகியவற்றைக் கொண்டு ஒப்பிடுகின்றன. அவை பெரும்பாலும் வீட்டுக் கொல்லையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஒதுக்கீட்டுத் தோட்டத்தில் மின்சாரம் கிடையாது, இரவில் ஆள் இருப்பதில்லை, உரிமையாளர் வாரத்தில் இரண்டு மூன்று முறைதான் வருவார். எனவே இங்கே முதலில் கேட்க வேண்டியது, எது நன்றாக விளைவிக்கும் என்பதல்ல. நாம் இல்லாத நாட்களில் எது தாங்கும் என்பதே.

குடில் எதற்கு?

தமிழ்நாட்டில் ஓசூர், ஊட்டிப் பகுதிகளில் பசுமைக்குடில்களைப் பார்த்தவர்களுக்கு ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். நம் ஊரில் குடில் என்பது பெரும்பாலும் கடும் வெயில், கனமழை, பூச்சி ஆகியவற்றிலிருந்து பயிரைக் காப்பதற்கு. பிரிட்டனில் அது பருவத்தை நீட்டுவதற்கு. தென் இங்கிலாந்திலேயே மே நடுப்பகுதி வரை உறைபனிக்கு அஞ்சித்தான் தக்காளியை வெளியே நடுவார்கள். அக்டோபரில் மீண்டும் குளிர் வந்துவிடும். குடிலுக்குள் இந்தக் காலம் முன்னும் பின்னும் சில வாரங்கள் நீளும். தக்காளி, மிளகாய், கத்தரி போன்றவற்றுக்கு அந்தச் சில வாரங்கள்தான் காய் பழுப்பதற்கும் பழுக்காமல் போவதற்கும் உள்ள வேறுபாடு.

ஆனால் குடிலால் வெளிச்சத்தை உண்டாக்க முடியாது. டிசம்பர் இறுதியில் நண்பகலில் சென்னையில் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 53 டிகிரி உயரத்தில் நிற்கும். லண்டனில் 15 டிகிரிதான். நவம்பர் தொடக்கம் முதல் பிப்ரவரி முற்பகுதி வரை அங்கே பகல் 10 மணி நேரத்துக்கும் குறைவு. அந்த நாட்களில் குடிலுக்குள் இருக்கும் கீரையும் வளராது, உயிரோடு இருக்கும், அவ்வளவுதான்.

உள்ளே ஏன் சூடாகிறது என்பதற்குப் பள்ளிப் பாடங்களில் சொல்லப்படும் விளக்கம், கண்ணாடி வெப்பக்கதிர்களைச் சிறைப்பிடிக்கிறது என்பது. அது ஒரு பகுதிதான். சூடான காற்று மேலெழுந்து போக வழியில்லாமல் அடைபட்டிருப்பதே முதன்மையான காரணம். அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1909இல் ஓர் எளிய சோதனையால் இதை எடுத்துக்காட்டினார். வெப்பக்கதிரை எளிதில் வெளியே விடும் பாலித்தீனும் பகலில் நன்றாகச் சூடாவது இதனால்தான். ஆனால் முகிலற்ற இரவில் இந்தப் பண்பு எதிராகத் திரும்புகிறது. சாதாரண பாலித்தீன் குடிலின் உட்புறம் விடிவதற்குள் வெளியளவுக்கே குளிர்ந்துவிடக்கூடும். எனவே பாலிடனல் போட்டுவிட்டோம், உறைபனி பயமில்லை என்று ஏப்ரலில் நாற்றுகளை விட்டுவிட்டுப் போவது ஆபத்து. அவற்றின் மேல் மெல்லிய உறைபனித் துணியை இன்னொரு அடுக்காக விரிக்க வேண்டும்.

முதலில் ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும்

குடிலை வாங்கிய பிறகு அனுமதி கேட்பவர்கள் உண்டு. தோட்டத்தின் வாடகை ஒப்பந்தம் இதில் கடுமையாக இருக்கும். சில இடங்களில் கண்ணாடிக்கே தடை. சில இடங்களில் குடிலின் நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் வரம்பு உண்டு. கான்கிரீட் தளம் போடக் கூடாது என்பது பல இடங்களில் உள்ள விதி. பக்கத்துத் தோட்டத்தின் மேல் நிழல் விழக் கூடாது என்பதும் அப்படியே. பாலிடனலை மட்டும் மறுக்கும் மன்றங்களும், அதை மட்டும் ஏற்கும் மன்றங்களும் உள்ளன. அனுமதியில்லாமல் நிறுத்தியதைக் கழற்றச் சொன்னால் கழற்றித்தான் ஆக வேண்டும். மறுத்தால் நிலமே கைவிட்டுப் போகலாம். பல ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த நிலம் என்பதை நினைத்தால் ஒரு கடிதம் எழுதுவது பெரிய வேலையல்ல.

மூன்று பொருள்கள்

தோட்டக் கண்ணாடி பொதுவாக 3 மி.மீ. தடிமன் கொண்டது. வெளிச்சத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கை உள்ளே விடும். பல பத்தாண்டுகள் ஆனாலும் மங்காது. உடைந்தால் கத்தி போன்ற சில்லுகளாகி மண்ணில் கலந்துவிடும். வெறுங்கையால் களை பறிக்கும் இடத்தில், குழந்தைகள் ஓடும் பொதுத் தோட்டத்தில் இது சிறிய குறையல்ல. கடினப்படுத்திய கண்ணாடி மழுங்கிய சிறு துண்டுகளாகச் சிதறும். விலை கூடுதல், வெட்டி அளவு மாற்றவும் முடியாது.

இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் உடையாது, எடை குறைவு, வெப்பத்தைக் கண்ணாடியைவிட நன்றாகப் பிடித்துவைக்கும். வெளிச்சம் சற்றுக் குறையும். மலிவான குடில்களில் வரும் 4 மி.மீ. தகடு வளையக்கூடியது. பலத்த காற்றில் அது சட்டத்திலிருந்து பிதுங்கி வெளியே பறந்துவிடும். ஒரு தகடு போனதும் காற்று உள்ளே புகுந்து மற்றவற்றையும் தள்ளும். 6 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட தகடும், விளிம்பு முழுவதும் அழுத்திப் பிடிக்கும் பட்டையும் இருந்தால் இந்தக் கவலை பெரிதும் குறையும்.

பாலித்தீன் 1933இல் இங்கிலாந்தின் செஷயரில், ஐ.சி.ஐ. நிறுவன ஆய்வுக்கூடத்தில் தற்செயலாகக் கண்டறியப்பட்ட பொருள். குடிலுக்கு வேண்டியது, புற ஊதாக்கதிரைத் தாங்கும் வேதிப்பொருள் சேர்த்த விரிப்பு. 180 மைக்ரான் என்பது வழக்கமான தடிமன். பழைய அளவில் 720 கேஜ் என்பார்கள். ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை இதை மாற்ற வேண்டியிருக்கும். பெட்டிக்கடை விரிப்பு ஒரு கோடையிலேயே நொறுங்கும். வெயிலில் கொதிக்கும் இரும்புக் குழாய் படும் இடத்தில்தான் விரிப்பு முதலில் கிழியும் என்பதால், குழாய்களின் மேல் நுரைப்பட்டை ஒட்டிய பிறகே விரிப்பைப் போடுவார்கள். வெதுவெதுப்பான, காற்றில்லாத நாளில் போட வேண்டும். அப்போது சற்று நீண்டிருக்கும் பாலித்தீன் குளிர்ந்ததும் சுருங்கி முரசுத்தோல் போல விறைக்கும். தொய்வாகக் கட்டியது காற்றில் படபடத்தே கிழியும்.

காற்று

குடில்களை அழிப்பது பெரும்பாலும் பனியல்ல, காற்று. ஒதுக்கீட்டுத் தோட்டங்கள் மரமோ சுவரோ இல்லாத திறந்த வெளியில் இருப்பதால் வீட்டுக் கொல்லையைவிட இங்கே அடி அதிகம். 2022 பிப்ரவரியில் வீசிய யூனிஸ் புயலின்போது வைட் தீவை ஒட்டிய நீடில்ஸ் முனையில் மணிக்கு 122 மைல் வேகம் பதிவானது. அது திறந்த கடல்முனை. உள்நாட்டில் அந்த வேகம் வராது. ஆனால் அதில் பாதியே 4 மி.மீ. தகடுகளைக் கழற்றப் போதும்.

பிரிட்டனில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும். அதனால் பாலிடனலின் குறுகிய முனை அந்தத் திசையை நோக்கி இருந்தால் நல்லது என்பார்கள். இதை மட்டும் நம்ப முடியாது. 2021 நவம்பரில் ஆர்வென் புயல் வடக்கு, வடகிழக்கிலிருந்து வீசி, தென்மேற்குக் காற்றுக்குப் பழகிய மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. எந்தத் திசையிலிருந்து வந்தாலும் குடிலைப் பிடித்துவைப்பது அதன் அடித்தளம்தான். பாலிடனலில், விரிப்பின் ஓரத்தைச் சுற்றிலும் தோண்டிய பள்ளத்தில் இறக்கி மண் போட்டு மிதிப்பது பழைய முறை. வேலை அதிகம், பிடிப்பும் உறுதி. குழாய்களின் அடியில் மண்ணுக்குள் புதைக்கும் நங்கூரத் தட்டு இருந்தால் இன்னும் நல்லது. கண்ணாடிக் குடிலுக்கு, கான்கிரீட் தடை உள்ள இடத்தில், நடைபாதைக் கற்களை மட்டமாகப் பதித்து இரும்புச் சட்டத்தை அவற்றோடு முடுக்கலாம். மட்டம் பிசகினால் சட்டம் முறுகும், கண்ணாடி ஒரு குளிர்காலத்திலேயே விரியும்.

செவ்வாய்க்கிழமை காலை யார் கதவைத் திறப்பது?

குளிரைத் தடுக்கத்தான் குடில் வாங்குகிறோம். ஆனால் அதில் அதிகம் பயிர் சாவது வெப்பத்தால். வெளியே 15 டிகிரி செல்சியஸ் உள்ள வெயில் நாளில், மூடிய சிறு குடிலுக்குள் 30ஐத் தாண்டிவிடும். இடம் எவ்வளவு சிறியதோ அவ்வளவு விரைவாகச் சூடேறும். தக்காளியின் மகரந்தம் 35 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் கெட்டு, பூ காய்க்காமல் உதிரும். 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவான நாட்டில் இது ஏட்டளவு அச்சமல்ல.

அரச தோட்டக்கலைச் சங்கம் தரும் கணக்கு, கூரைத் திறப்புகளின் பரப்பு தரைப் பரப்பில் 15 முதல் 20 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது. பரவலாக விற்கும் 6 அடிக்கு 8 அடி குடிலின் தரை ஏறத்தாழ 4.5 சதுர மீட்டர். அதற்கு 0.7 முதல் 0.9 சதுர மீட்டர் திறப்பு வேண்டும். ஆனால் அதோடு வருவது பெரும்பாலும் 60 செ.மீ. சதுரச் சன்னல் ஒன்றே, அதாவது 0.36 சதுர மீட்டர். ஆகவே இரண்டாவது சன்னலுக்கும் சேர்த்தே பணம் எடுத்துவைக்க வேண்டும்.

பசுமைக்குடிலுக்கு இங்கே ஒரு பெரிய வசதி உண்டு. மெழுகு நிரப்பிய சிறு உருளை ஒன்றைச் சன்னலில் பொருத்தினால், வெயிலில் மெழுகு விரிந்து தண்டைத் தள்ளிச் சன்னலைத் திறக்கும், குளிர்ந்ததும் மூடும். மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம். சாதாரண பாலிடனலில் இதைப் பொருத்த இடமில்லை. அங்கே இரு முனைகளிலும் அகன்ற கதவும், அவற்றின் மேற்பாதியில் வலையும், முடிந்தால் பக்கவாட்டில் சுருட்டி ஏற்றும் விரிப்பும் வேண்டும். ஒரு முனையில் மட்டும் கதவுள்ள மலிவான பாலிடனல், வாரத்தில் இருமுறை மட்டுமே வருகிறவருக்குப் பொருந்தாது. ஈரக் காற்று வெளியேறாமல் தேங்கினால் சாம்பல் பூசணம் வரும். வறண்ட சூட்டில் செஞ்சிலந்திப் பேன் வரும்.

தண்ணீர்

குடிலுக்குள் மழை பெய்யாது. கோடையில் காய்க்கும் தக்காளிக்கு அநேகமாக நாள்தோறும் தண்ணீர் வேண்டும். ஒதுக்கீட்டுத் தோட்டங்களில் பொதுக் குழாயோ தொட்டியோதான் இருக்கும். ரப்பர் குழாய் பயன்படுத்த அனுமதிக்காத இடங்களும் பல. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மி.மீ. பெறும் லண்டனில் அந்த 4.5 சதுர மீட்டர்க் கூரை 2,700 லிட்டர் தரும். பசுமைக்குடிலின் ஓரத்தில் வடிகால் ஏற்கெனவே இருப்பதால் பீப்பாயில் பிடிப்பது எளிது. வளைந்த பாலித்தீன் கூரையில் தனியாக ஒட்டவைக்க வேண்டும். மாறாக, பாலிடனலில் பயிர்கள் தொட்டியில் அல்லாமல் மண்ணிலேயே நிற்பதால், தழைக்கூளம் போட்டால் இரண்டு மூன்று நாள் தாங்கும். தொட்டிச்செடி ஒரு நாள் கூடத் தாங்காது.

எந்தப் பயிருக்கு எது

பணத்துக்கு அதிகப் பரப்பு தருவது பாலிடனல்தான். 3 மீட்டருக்கு 6 மீட்டர் என்றால் 18 சதுர மீட்டர், பாதித் தோட்டத்தில் ஏழில் ஒரு பங்கு. நடுவே நடைபாதை விட்டு இரு பக்கமும் தக்காளி, வெள்ளரி, மிளகாய் நட்டுக் குடும்பத்துக்குப் போக அண்டை அயலாருக்கும் கொடுக்கலாம். ஆகஸ்டில் வெளியே உள்ள தக்காளியைக் கருக்கும் பின்பருவ அழுகல் நோய் ஈர இலையில்தான் பற்றும். கூரையின் கீழ் இலை உலர்ந்திருப்பதால் பயிர் பெரும்பாலும் தப்பும். பசுமைக்குடில் நாற்று வளர்ப்பதற்குச் சிறந்தது. ஆனால் நாற்றுகள் நாளுக்கு இருமுறை பார்க்கப்பட வேண்டியவை. அந்த வேலை தோட்டத்தைவிட வீட்டுச் சன்னலோரத்தில் நன்றாக நடக்கும்.

பிரிட்டனில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒதுக்கீட்டுத் தோட்டம் வைத்திருப்போர், வெண்டை, பாகல், புடலை பயிரிட விரும்புவதுண்டு. இவற்றுக்குக் குடில் இல்லாமல் அந்த நாட்டுக் கோடை போதாது. பச்சை மிளகாயும் கத்தரியும் தம் பூவிலேயே மகரந்தச் சேர்க்கை செய்துகொள்ளும். செடியைச் சற்று ஆட்டிவிட்டால் போதும். பாகலுக்கும் புடலுக்கும் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனி என்பதால் பூச்சி வர வேண்டும், இல்லையேல் நாமே ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தொட வேண்டும். புடலை இரவில் பூப்பது. மாலை மங்கும் நேரத்தில் தோட்டத்தில் இருக்க முடியாதவர் அதை விட்டுப் பாகலைப் போடுவது நல்லது. கறிவேப்பிலை குளிர்காலத்தில் இரண்டு குடிலிலும் பிழைக்காது. அது தொட்டியில் வளர்ந்து அக்டோபரில் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய செடி.

முடிவெடுக்கும்போது

விதி தடுக்காவிட்டால், கோடைக்காய்களே நோக்கமாக இருந்தால், வாரத்தில் மூன்று நான்கு நாளாவது வர முடிந்தால், இரு கதவுள்ள பாலிடனல் சிறந்த தேர்வு. வருவது குறைவு என்றால் இரண்டு தானியங்கிச் சன்னல்கள் கொண்ட 6 மி.மீ. பாலிகார்பனேட் குடில், பரப்பு சிறிதானாலும், அதிகம் காப்பாற்றும். கண்ணாடி, ஆள் நடமாட்டம் குறைவான, கல்லெறி இல்லாத தோட்டங்களுக்கு மட்டும். சூடேற்றி வைப்பதை எதிலும் எண்ண வேண்டாம். மின்சாரம் இல்லாத இடத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு எரித்தால் ஈரமும் பூசணமும்தான் கூடும்.

புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. வீடு மாறுபவர்கள் பழைய அலுமினியக் குடிலை, கழற்றி எடுத்துப் போனால் போதும் என்று கொடுத்துவிடுவதுண்டு. கழற்றுவதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுத்து, ஒவ்வொரு சட்டத்திலும் எண் எழுதிக்கொள்ள வேண்டும். கண்ணாடியைப் பிடிக்கும் கம்பிக் கவ்விகளைப் புதிதாக வாங்க வேண்டும். வாடகை ஒப்பந்தம் முடியும் நாளில் இதே குடிலைக் கழற்றி நிலத்தைக் காலியாகக் கொடுக்கும் பொறுப்பும் பெரும்பாலும் குத்தகைக்காரருடையது என்பதால், அந்தப் படங்களை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது.