'தூங்குங்க'ன்னு சொன்னா தூக்கம் வந்துடுமா? ஹிப்னாசிஸ் எங்கே கைகொடுக்கும், எங்கே கொடுக்காது?

நைட் மணி 2.10. அலாரம் 7.10-க்கு. 'இப்போ தூங்கினாகூட 5 மணி நேரம் கிடைக்கும்' என்று கணக்குப் போடுகிறோம். 2.40-க்கு மறுபடியும் அதே கணக்கு, இப்போது நாலரை மணி நேரம். கணக்குப் போடப் போட, இருந்த கொஞ்சநஞ்சத் தூக்கமும் ஓடிவிடும்.

அந்த நேரத்தில் போனில் தேடினால் 'ஸ்லீப் ஹிப்னாசிஸ்' ஆடியோக்கள் வரிசைகட்டி நிற்கும். பத்தே நிமிடத்தில் ஆழ்ந்த தூக்கம் கியாரன்டி என்கிற ரேஞ்சில் தலைப்புகள். இதெல்லாம் நிஜமா, உடான்ஸா?

ஹிப்னாசிஸ் என்றால் தூக்கமா?

இல்லை. குழப்பத்துக்குக் காரணம் பெயர்தான். 1840-களில் மான்செஸ்டரில் இருந்த ஜேம்ஸ் பிரெய்டு என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், 'ஹிப்னாடிசம்' என்ற சொல்லைப் பிரபலமாக்கினார். ஹிப்னாஸ், கிரேக்கர்களின் தூக்கக் கடவுள். ஆனால் இது தூக்கம் இல்லை, மனம் ஒரே எண்ணத்தில் குவிவதுதான் என்று சில வருடங்களிலேயே அவருக்குப் புரிந்தது. பெயரை மாற்றிப் பார்த்தார், எடுபடவில்லை.

தமிழில் நமக்கு இதைவிடப் பொருத்தமான வார்த்தை இருக்கிறது: அறிதுயில். ஸ்ரீரங்கத்தில் பெருமாள் பள்ளிகொண்டிருப்பதைச் சொல்கிற பழைய சொல். பார்த்தால் தூக்கம் மாதிரி இருக்கும், ஆனால் உள்ளுக்குள் விழிப்பு. ஹிப்னாசிஸும் கிட்டத்தட்ட அப்படித்தான். சினிமாவில் வருவதுபோல பெண்டுலத்தை ஆட்டி ரகசியத்தைக் கறக்கிற வேலை இல்லை. பாட்டுக் கேட்டுக்கொண்டே வந்து, இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தவறவிட்டிருக்கிறீர்களா? அப்படி மூழ்கியிருக்கிற நேரத்தில் சொல்லப்படும் வார்த்தைகளை மனம் எதிர்த்து வாதாடாமல் ஏற்றுக்கொள்கிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வு பிரபலமானது. ஆரோக்கியமான 70 இளம்பெண்கள், மதியம் 90 நிமிடத் தூக்கம். அதற்கு முன் 13 நிமிட ஆடியோ. கடலில் ஆழமாக, இன்னும் ஆழமாக நீந்திப் போகிற ஒரு மீனைக் கற்பனை செய்யச் சொல்கிறது அந்தக் குரல். எளிதில் ஹிப்னாசிஸுக்கு வசப்படக்கூடியவர்களுக்கு, சாதாரண ஆடியோ கேட்டபோது இருந்ததைவிட ஆழ்தூக்கம் சுமார் 80% அதிகமானது. மூளை அலைகளை அளந்து பார்த்துச் சொன்னது இது.

விளம்பரங்கள் இந்த 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும். மீதியையும் பாருங்கள். அவர்களுக்குத் தூக்கப் பிரச்னையே கிடையாது. அது இரவுத் தூக்கமும் இல்லை. எளிதில் வசப்படாதவர்களுக்கு அந்தப் பலனும் இல்லை. 2018-ல் 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பாதிக்கு மேல் பலன் தெரிந்தது. ஆனால் அவற்றில் பல சின்ன ஆய்வுகள். என் தீர்ப்பு: உடான்ஸ் இல்லை, கியாரன்டியும் இல்லை.

அப்புறம் எப்படி உதவுகிறது?

தூக்கமின்மை ஆரம்பிக்க ஏதோ ஒரு காரணம் இருக்கும். வேலை போனது, பிரேக்-அப், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை. சிக்கல் என்னவென்றால், காரணம் போன பிறகும் தூக்கமின்மை போகாது. ஏன்? விட்டதைப் பிடிக்கிறேன் என்று 9 மணிக்கே படுக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை 11 மணி வரை புரள்கிறோம், பெட்டிலேயே லேப்டாப்பைத் திறக்கிறோம். நாளடைவில் பெட்டைப் பார்த்தாலே மூளை உஷாராகிவிடுகிறது. சோபாவில் சொக்கியவர், பெட்டுக்குப் போனதும் கொட்டக் கொட்ட விழித்திருப்பது இதனால்தான்.

தூங்க முயற்சி பண்ணப் பண்ணத் தூக்கம் தள்ளிப் போகும். ஹிப்னாசிஸ் அந்த முயற்சியிலிருந்து மனதைப் பிடுங்கி வேறு வேலை கொடுக்கிறது. அவ்வளவுதான்.

நானும் முயன்றேன். முதலில் ஓர் ஆங்கில ஆடியோ. அருவி கொட்டுகிற சத்தம். எனக்கோ, 'மோட்டாரை ஆஃப் பண்ணோமா?' என்ற கவலை வந்துவிட்டது. பிறகு பாட்டி வீட்டு ஓட்டுக்கூரையில் மழை பெய்வதை, நிதானமாக, தமிழில், என் குரலிலேயே பதிவு செய்து கேட்டேன். சில நாள் வேலை செய்தது. சில நாள் கடைசி வரை கேட்டுவிட்டு முழித்துக்கொண்டிருந்தேன். காசு கொடுத்து ஆப் வாங்கும் முன் இப்படி ஒரு வாரம் பார்க்கலாம். டைமர் வைத்துவிட்டுப் போனைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வண்டி ஓட்டும்போது மட்டும் வேண்டவே வேண்டாம்.

டாக்டரிடம் எப்போது போகணும்?

வாரத்துக்கு 3 இரவுகள், 3 மாதங்களாகத் தொடர்கிறதா? அது நாள்பட்ட தூக்கமின்மை. அதற்கு முதல் சிகிச்சையாக அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-ல் பரிந்துரைத்தது ஹிப்னாசிஸை அல்ல, மாத்திரையையும் அல்ல. 'சிபிடி-ஐ' என்ற பயிற்சியை. தூக்கம் வந்தால் மட்டும் படுப்பது, வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போவது, எப்போது தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுவது என்று சில வாரங்கள் போகும். முதல் சில நாட்கள் கடுப்பாக இருக்கும்.

பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி விழிப்பது, பகலெல்லாம் தூங்கி வழிவது இருந்தால் அது ஸ்லீப் ஆப்னியாவாக இருக்கலாம். எந்த ஆடியோவும் மூச்சுக்குழாயைத் திறந்துவிடாது, பரிசோதனைதான் வழி. இல்லாத குரல்கள் கேட்பது போன்ற தீவிர மனநலப் பிரச்னை உள்ளவர்கள் மனநல மருத்துவரைக் கேட்காமல் ஹிப்னாசிஸ் பக்கம் போகக் கூடாது. தூக்கம் இல்லாததோடு, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால், விடியும்வரை காத்திருக்காதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. நடுராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.