நோயின் மூலம் தேடிய வைத்தியர்

நோயை அறிந்தால் மட்டும் போதாது, அதன் மூலத்தையும் ஆராய்தல் வேண்டும் என்பது வள்ளுவர் மருத்துவர்க்கு வகுத்த நெறி. அந்நெறியைச் சட்டசபைக்குள்ளும் கொண்டு சென்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு பிறந்த அம்மையார், 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்றார். 1927இல் சென்னைச் சட்டசபையில் நியமன அங்கத்தவராய் அமர்ந்து, ஏகமனதாக உபதலைவராகவும் தெரிவானார்.

சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் விளைத்த துயரை மருந்து தீர்க்குமா? வழக்கத்தையே அறுத்தல் வேண்டுமெனத் துணிந்தார் அம்மையார். தேவதாசியரின் மானிய நிலங்களைக் கோயிற் பணிக் கட்டினின்று விடுவிக்கும் சட்டம் 1929இல் நிறைவேறியது. பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் மசோதாவோ நிறைவேறுமுன்பே, 1930இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து அவர் பதவி துறந்தார்.

சபையில் நிலைத்திருந்தால் அச்சட்டம் விரைந்து வந்திருக்குமோ என நாம் வினவலாம். அது வந்தது 1947இலேயே. ஆயினும் பதவியை விட்டவர் பணியை விட்டாரல்லர். ஔவை இல்லம் நிறுவி ஆதரவற்ற பெண்களுக்குப் புகலும் கல்வியும் அளித்தார்; 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் தோற்றுவித்தார். 1968இல் அவர் மறைந்தார்.

சட்டசபை ஆசனம் அவருக்குப் பெருமைக்குரிய பீடமன்று. சிகிச்சைக்குரிய கருவிகளுள் ஒன்றே.