பத்துக்குப் பத்து அறையில் ஒரு வாழ்க்கை

கிணத்துக்கடவில் பஸ் ஏறி, பொள்ளாச்சியைத் தாண்டிப் போனால் கோட்டூர், ஆழியாறு. தென்னந்தோப்புக்கும் அணைக்கும் பேர்போன அந்தப் பக்கத்தில் இலங்கைத் தமிழர் முகாம்களும் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கடல் தாண்டி வந்தவர்கள் மலையடிவாரத்துக்கு எப்படி வந்தார்கள்?

1983 ஜூலைக் கலவரம் தொடங்கி 2010 வரை, நான்கு கட்டங்களாக 3 லட்சத்துக்கும் அதிகமானோர் தமிழகம் வந்தனர். பலர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகில் வந்தவர்கள். கரையேறியவர்களுக்கு முதல் நிறுத்தம் மண்டபம் முகாம். பிரிட்டிஷ் காலத்தில் இலங்கைத் தோட்ட வேலைக்குப் போனவர்களைத் தங்கவைத்துப் பரிசோதித்த அதே இடம்! அங்கே விசாரணை, பதிவு, மருத்துவம், சாப்பாடு. பிறகு பல மாவட்டங்களுக்கும் பிரித்து அனுப்பினார்கள். ஒரே ஊரில் குவித்தால் குடிநீர், பள்ளிக்கூடம், கூலிவேலை எல்லாமே திணறிப்போகும் அல்லவா?

பேரிடர் நிவாரண அமைப்புகளுக்கு உலகப் பொதுவான கையேடு ஒன்று உண்டு; பெயர் 'ஸ்ஃபியர்'. ஒருவருக்குத் தினமும் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, தலைக்கு 3.5 சதுர மீட்டர் இடம் என்கிறது அது. ஐந்து பேர் குடும்பத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் 190 சதுர அடி. நம் முகாம்களில் பல குடும்பங்கள் வாழ்ந்ததோ பத்துக்குப் பத்து அறையில். வெறும் 100 சதுர அடி.

காரணம், அவை தற்காலிகமாகக் கட்டப்பட்டவை. வெள்ளம் வடிந்தால் வீடு திரும்பலாம். போர் அப்படி வடிவதில்லை. ஒறம்பரைக்குத் திண்ணையில் ஒரு ராத்திரி பாய் விரிக்கலாம். ஆயுசுக்கும் திண்ணை போதுமா?

2021-இல் தமிழக அரசு 317 கோடி ரூபாய் திட்டத்தை அறிவித்தது. அதில் 7,469 புது வீடுகள். 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'மறுவாழ்வு முகாம்' ஆனது. 2022 செப்டம்பரில் திண்டுக்கல் அருகே தோட்டனூத்தில் 321 வீடுகள் திறக்கப்பட்டன. அதே ஆண்டு மார்ச்சில், பொருளாதார நெருக்கடியால் மீண்டும் படகுகள் வரத் தொடங்கின. மண்டபத்துக்கு மறுபடி வேலை வந்தது.

வீடு வந்தாலும் குடியுரிமை வரவில்லை. 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு, இந்த மண்ணில் பிறந்தது மட்டும் போதாது என்கிறது சட்டம். கோவைத் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைகளும் அதில் அடக்கம்.

வந்தவர்களுக்கு முதல் வாரம் சோறும் கூரையும் கொடுக்கத் தமிழ்நாட்டுக்குத் தெரியும். நாற்பது வருடம் கழித்தும் இங்கேயே இருப்பவர்களுக்கு என்ன கொடுப்பது என்பதுதான் இன்னும் முடிவாகாத கேள்வி.