கரண்ட் திரும்ப வந்ததும் மோட்டார் தானாக ஓடாதது ஏன்? 2 பட்டன்களும் 'லேடர் லாஜிக்'கும்

தொழிற்சாலையில் திடீரென கரண்ட் கட். நின்றுபோன மோட்டாரின் பெல்ட்டில் சிக்கியதை எடுக்க ஒருவர் கையை விடுகிறார். அந்த நொடியில் கரண்ட் வந்தால்? மோட்டார் தானாகக் கிளம்பக் கூடாது. அதை உறுதி செய்வது ஒரு வரி லாஜிக்தான்.

லேடர் லாஜிக் என்றால் என்ன?

தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் 'பிஎல்சி' கன்ட்ரோலருக்கு உத்தரவு எழுதும் முறை இது. இருபுறமும் கோடு, நடுவே படிகள் என ஏணி போல இருக்கும். 1968-ல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ரிலே பேனல்களுக்கு மாற்று தேடியபோது உருவானதுதான், ஆரம்பகால பிஎல்சியான 'மோடிகான் 084'. ரிலே வரைபடம் போலவே இருப்பதால் எலெக்ட்ரீஷியன்களுக்கு லேடர் எளிதில் புரியும்.

கையை எடுத்த பிறகும் ஓடுவது எப்படி?

படியில் வரிசையாக ஸ்டாப், ஸ்டார்ட், கடைசியில் மோட்டார் காயில். ஸ்டார்ட்டை அழுத்தினால் காயில் ஆன் ஆகும். ஸ்டார்ட்டுக்கு இணையாக மோட்டாரின் சொந்த கான்டாக்ட்டும் இருக்கும். மோட்டார் ஆன் ஆனதும் அது மூடிக்கொண்டு, பட்டனை விட்டாலும் வழியைப் பிடித்து வைக்கும். இதுதான் 'ஹோல்டிங்'.

கரண்ட் போனால் இந்தப் பிடி விட்டுப்போகும். மறுபடி ஸ்டார்ட்டை அழுத்தினால்தான் ஓடும். ஆனால், சாதாரண காயிலுக்குப் பதில் 'லாட்ச்' உத்தரவு போட்டால், சில கன்ட்ரோலர்கள் பழைய நிலையை ஞாபகம் வைத்து மோட்டாரைக் கிளப்பிவிடலாம்.

ஸ்டாப் பட்டனில் என்ன விசேஷம்?

ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் இணைப்பு கிடைக்கும். ஸ்டாப் நேர்மாறு: அழுத்தாதபோது இணைப்பு இருக்கும், அழுத்தினால் துண்டிக்கும். காரணம் பாதுகாப்பு. ஸ்டாப் வயர் அறுந்தாலும் மோட்டார் நின்றுவிடும். மாற்றி இணைத்திருந்தால், வயர் அறுந்தது யாருக்கும் தெரியாது. ஆபத்து நேரத்தில் அழுத்தினாலும் நிற்காது.

புதியவர்கள் குழம்பும் இடமும் இதுதான். அழுத்தாதபோதே பிஎல்சிக்கு சிக்னல் வந்துகொண்டிருப்பதால், புரோகிராமில் ஸ்டாப்பை 'திறந்த' கான்டாக்ட்டாகவே போட வேண்டும். 'மூடிய' கான்டாக்ட்டாகப் போட்டால் மோட்டார் ஸ்டார்ட்டே ஆகாது.

இது மட்டும் போதுமா?

போதாது. எமர்ஜென்சி ஸ்டாப், புரோகிராமை மட்டும் நம்பாமல் தனி வயரிங்கில் மோட்டாருக்கான மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். பழுது பார்க்கும் முன் மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்து பூட்டுவது கட்டாயம். கரண்ட் இல்லை என்பதற்காக மட்டும் இயந்திரத்துக்குள் கை விடவே கூடாது.