குரல் வரைந்த பூக்கள்

மார்கரெட் வாட்ஸ் ஹியூஸ் வேல்ஸ் நாட்டுப் பாடகி. குரலின் வலிமையை அளந்து பார்க்கத்தான் 'ஐடோஃபோன்' என்ற கருவியைச் செய்தார். தவிலுக்குத் தோல் கட்டுவதுபோல் ஒரு கலத்தின் வாயில் ரப்பர் சவ்வை இழுத்துக் கட்டி, பாடுவதற்குக் கலத்தின் பக்கவாட்டில் ஒரு குழாய் வைத்தால் கருவி முடிந்தது. 1885-இல் சவ்வின்மேல் விதைகளைத் தூவிப் பாடினார். அவை சிதறி ஓடவில்லை. ஒழுங்கான ஒரு வடிவமாகக் கூடி நின்றன.

இதில் மாயம் எதுவும் இல்லை. அதிரும் சவ்வு எல்லா இடத்திலும் ஒரே அளவில் அதிர்வதில்லை. சில கோடுகள் அசையாமல் கிடக்கும். மற்ற இடங்களிலிருந்து எற்றப்படும் மணல் அங்கே வந்து ஒதுங்கும். ஜெர்மன் இயற்பியலாளர் கிளாட்னி உலோகத் தகட்டின் விளிம்பில் வயலின் வில்லை இழுத்து இதை 1787-லேயே காட்டிவிட்டார். மிக நுண்ணிய பொடியோ நேர்மாறாக, அதிகம் அதிரும் இடத்தில் போய்க் குவியும். அதிர்வு கிளப்பும் காற்றோட்டம் அதை அங்கே தள்ளுகிறது என்று 1831-இல் விளக்கியவர் ஆங்கிலேய விஞ்ஞானி ஃபாரடே.

மார்கரெட் அதோடு நிற்கவில்லை. பொடிக்குப் பதிலாக ஈரமான வண்ணக் குழம்பைச் சவ்வில் பூசினார். மெல்லப் பாடினால் குழம்பு நடுவில் திரளும். குரலை ஏற்றினால் அதிலிருந்து இதழ்கள் வெளியே நீளும். டெய்சிப் பூ, பான்சிப் பூ என்றே அவற்றுக்குப் பெயர் வைத்தார். வண்ணம் பூசிய கண்ணாடியின்மேல் கருவியைப் பாடிக்கொண்டே நகர்த்தியபோது பெரணி இலைகளைப் போன்ற வரிகள் விழுந்தன. சுருதி கொஞ்சம் பிசகினாலும் உருவம் குலைந்துவிடும். காதை ஏமாற்றிவிடும் பிசகைக்கூடக் கண்ணுக்குக் காட்டிக்கொடுத்த கருவி என்பதால், பாட்டு வாத்தியார்கள் ஏன் இதை விட்டுவிட்டார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அந்தக் கண்ணாடிப் படங்களில் பல வேல்ஸின் மெர்தர் டிட்ஃபில் ஊரின் கைஃபார்த்ஃபா கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

'ஓம்' என்று சொன்னால் மணலில் ஸ்ரீசக்கரம் விழும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. பக்தி மிகுந்த மார்கரெட்டும் தம் பூக்களில் கடவுளின் கைவண்ணத்தைக் கண்டவர்தான். ஆனால் சொல்லின் பொருள் சவ்வுக்குத் தெரியாது. சுருதி, குரலின் தன்மை, சவ்வின் இழுவிசை, விளிம்பின் வடிவம், மேலே இருக்கும் பொருள் இவைதான் உருவத்தைத் தீர்மானிக்கின்றன. வட்டச் சவ்வைச் சதுரமாக்கினால் அதே குரல் வேறு படம் போடும்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பலூனை வெட்டிக் கிண்ணத்தின் வாயில் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். மேலே கொஞ்சம் பொடியுப்பு. அருகில் வாயை வைத்து, ஊதாமல், 'ஊ' என்று கீழிருந்து மேலாகச் சுருதியை ஏற்றிக்கொண்டே போங்கள். சும்மா கிடக்கும் உப்பு ஏதோ ஒரு சுருதி வந்ததும் துள்ளத் தொடங்கும். அங்கேயே குரலை நிறுத்திப் பிடியுங்கள்.