தோற்றவன் பெயரில் ஒரு திருநாள்

1923 செப்டம்பர் 14, நியூயார்க். உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன் ஜாக் டெம்ப்சியை எதிர்த்து நின்றவர் அர்ஜென்டினாவின் லூயிஸ் ஏஞ்சல் ஃபிர்போ. முதல் சுற்றிலேயே ஏழு முறை விழுந்தார். ஏழு முறையும் எழுந்தார். பிறகு அவர் விட்ட குத்தில் டெம்ப்சி கயிறுகளைத் தாண்டி மேடைக்கு வெளியே போய் விழுந்தார்.

இரண்டாம் சுற்றில் ஃபிர்போ தோற்றார். ஆனாலும் அர்ஜென்டினாவில் செப்டம்பர் 14 இன்றும் குத்துச்சண்டை வீரர் தினம். ஜெயித்த நாளையல்ல, எழுந்து நின்ற நாளை ஒரு நாடு கொண்டாடுகிறது!

அந்த மக்களுக்குக் குத்துச்சண்டை அரங்கம் ஊர்ப்பொது இடம். புவெனஸ் ஐரஸின் லூனா பார்க் குத்துச்சண்டை அரங்கில்தான் டாங்கோ பாடகர் கார்லோஸ் கார்டெலின் உடல் அஞ்சலிக்கு வைக்கப்பட்டது. 1944-ல், பின்னாளில் நாட்டின் அதிபரான பெரோனும் அவர் மனைவியான எவீட்டாவும் சந்தித்ததும் அங்கேதான்.

குத்துச்சண்டை மேல் இந்தப் பற்று நமக்கும் அந்நியமில்லை. துறைமுகத்தையும் உழைப்பாளர் குடியிருப்புகளையும் ஒட்டி வளர்ந்த வடசென்னைக் குத்துச்சண்டையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் எனப் பரம்பரைகளே உண்டு. வீரன் தனக்காக மட்டும் மேடையேறுவதில்லை. வாத்தியாரின் மானமும் அவன் கையுறைக்குள் இருக்கும். 1980-ல் முகமது அலியே சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார்.

2021-ல் பா.ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' திரைப்படம் நேராக இணையத்தில் வெளியானது. புதுவையின் காட்டேரிக்குப்பத்தில் இருப்பவரும் கைப்பேசியிலேயே அந்த மேடையருகே போய் உட்கார முடிந்தது. அதன் நாயகன் கபிலனும் விழுந்து எழுகிறவன்தான்.