கூடும் கொடுக்கும்

நுழையும்முன்

சுவரின் மூலையில் ஒரு பிடி மண். சன்னல் சட்டத்தின்கீழ் சாம்பல்நிறத்தில் ஒரு சிறு காகிதப் பூ. பனையின் உச்சியில் பானையளவில் ஓர் உருண்டை. மூன்றையும் மக்கள் குளவிக்கூடு என்றே அழைப்பர். ஆயினும், மூன்றும் ஒன்றல்ல. எந்தக் கூட்டை விட்டுவைக்கலாம், எதனிடமிருந்து விலகி நிற்கவேண்டும் என்னும் வேறுபாட்டை அறிந்திருப்பது சில வேளைகளில் ஓர் உயிரையே காக்கும்.

கரிசல் நிலத்தின் சிறகுகள்

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்கள் வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் மிளகாயும் விளையும் கரிசல் காடுகள். கோடையில் வெடித்துக் கிடக்கும் கண்மாய்கள். ஆண்டின் பெரும்பகுதி மணலாய் விரியும் குண்டாறு. வரப்புதோறும் நிற்கும் பனைகள். தரிசெங்கும் படர்ந்த சீமைக்கருவேல மரங்கள். மரச்செறிவும் நீரும் குறைந்த இந்நிலத்தில், மனிதர் எழுப்பிய சுவரும் கூரையும் தண்ணீர்த் தொட்டியும் குளவிகளுக்கும் புகலிடமாகின்றன. ஒழுகும் குழாயடி ஈரத்தில் மண் உருட்டும் குளவியை இவ்வூர்களில் எவரும் காணலாம். வறட்சி, மனிதரையும் குளவியையும் ஒரே குழாயடிக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது.

மண் வீடு

ஈர மண்ணைச் சிறு உருண்டைகளாக வாயில் கவ்விவந்து சுவரில் அப்பிக் கூடு கட்டுவது மண்குளவி. இது கூட்டமாக வாழ்வதில்லை. ஒரு தாய்க்குளவி தனித்தே கூடு கட்டி, அதன் அறைகளில் இரையை நிரப்பி, முட்டையிட்டு, வாயிலை மண்ணால் மூடிவிட்டுப் பறந்துவிடும். மண்குளவிகளுள் சில இனங்கள் சிலந்திகளை இரையாகச் சேர்க்கும். குடம்போன்ற கூடு கட்டும் இனங்கள் பச்சைப் புழுக்களைச் சேர்க்கும்.

வீட்டில் மண்குளவி கூடு கட்டினால் அவ்வீட்டில் மழலைக்குரல் கேட்கும் என்பது தமிழகச் சிற்றூர்களில் வழங்கும் நம்பிக்கை. அதனால் அக்கூட்டைக் கலைக்காமல் விடுவர். குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து, கொட்டிக் கொட்டி அதனையும் குளவியாக்கிவிடும் என்ற கருத்தும் நெடுங்காலமாக வழங்குகிறது. குருவின் அருளால் சீடன் உயர்வதற்கு அதனை உவமையாகக் காட்டுவதும் உண்டு. உவமை அழகியது, எனினும் உண்மை வேறு. மூடிய அறைக்குள் புழு குளவியாக மாறுவதில்லை. குளவியின் முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு, உள்ளே வைக்கப்பட்ட இரையை உண்டு வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, பின்னர்க் குளவியாகச் சுவரைத் துளைத்து வெளியேறுகிறது. வேட்டைக் குளவிகளின் வாழ்வைப் பல்லாண்டு கூர்ந்து நோக்கி எழுதிய பிரெஞ்சு இயற்கையியலாளர் ழான் அன்றி ஃபாபர், கொடுக்கின் நஞ்சு இரையைக் கொல்லாமல் செயலிழக்கச் செய்வதை விரிவாக விளக்கினார். இரை அழுகாமல் இருப்பதன் காரணம் இதுவே.

மண்குளவி தன் கூட்டைக் காக்க மனிதரைத் தாக்க வருவது அரிது. கையால் பிடித்தாலோ அழுத்தினாலோதான் கொட்டும். கூட்டில் வட்டத் துளைகள் காணப்பட்டால் குஞ்சுகள் வெளியேறிவிட்டன எனக் கொள்ளலாம். அதன்பின் அதனைச் சுரண்டி எடுப்பதில் தீங்கில்லை. ஆனால், நீர் இறைக்கும் பொறியின் குழாய், சாவித் துவாரம், மின்பெட்டி ஆகியவற்றின் துளைகளை அது மண்ணால் அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். 1996 ஆம் ஆண்டு பிப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசின் கடற்பகுதியில் ஒரு பயணியர் விமானம் வீழ்ந்து 189 பேர் உயிரிழந்தனர். வேகத்தை அளக்கும் அதன் மெல்லிய குழாயை மண்குளவியின் கூடு அடைத்திருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

காகித வீடு

சன்னலிலும் நிலைப்படியிலும் தாழ்வாரத்திலும் திறந்த அடுக்கறைகளோடு தொங்கும் சாம்பல்நிறக் கூடு, காகிதக் குளவியுடையது. காய்ந்த மரத்திலிருந்தும் செடித்தண்டிலிருந்தும் நாரைச் சுரண்டி, எச்சிலோடு மென்று, அது காகிதம் செய்கிறது. இதனைக் கண்ட பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர், மரத்திலிருந்தே காகிதம் செய்ய இயலும் என்ற கருத்தை 1719 இல் முன்வைத்தார். கந்தல் துணியிலிருந்து ஐரோப்பியர் காகிதம் செய்துவந்த காலம் அது.

தென்னிந்தியாவில் பரவலாகக் காணப்படும் ஒரு காகிதக் குளவி இனத்தைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அறிஞர் இராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். தம் முடிவுகளை 2001 இல் நூலாகவும் வெளியிட்டார். அக்கூட்டின் அரசி சண்டையிடுவதில்லை, அமைதியானது. அதனை அகற்றினால், சில நிமிடங்களிலேயே பணிக்குளவிகளுள் ஒன்று கடுஞ்சினம் கொண்டதாக மாறி, அடுத்த அரசியாக எழுகிறது. அமைதியான அரசி எவ்வாறு ஆள்கிறது என்னும் வினாவே அவ்வாராய்ச்சியின் மையமாக இருந்தது. சன்னலில் தொங்கும் சிறு கூடும் ஓர் ஆய்வுக்கூடமாகலாம் என்பதற்கு இதுவே சான்று.

இக்குளவிகள் கூடு அசைந்தால் கொட்டும். ஆளரவமற்ற இடத்திலுள்ள கூட்டை விட்டுவைக்கலாம். கதவருகே, குழந்தைகள் நடமாடும் இடத்தில் இருப்பின், பழக்கமுள்ளவரைக் கொண்டு அகற்றவேண்டும். கோலால் தட்டிவிட்டு ஓடுவது வீரமன்று.

பனை உச்சியில் கதண்டு

அஞ்சத்தக்கது மூன்றாவது வகை. கதண்டு என்றும் கடந்தை என்றும் வழங்கும் பெருங்குளவி, உடலில் மஞ்சள் பட்டையுடன் தோன்றும். பனை, தென்னை, புதர், பாழடைந்த கட்டடம், மரப்பொந்து எனப் பல இடங்களில் கூடு கட்டும். வெளியே தொங்கும் கூட்டைக் காகித உறை சூழ்ந்திருப்பதால் உள்ளே உள்ள கூட்டத்தின் அளவு வெளியே தெரியாது. ஒன்று கலைந்தால், அபாயத்தை உணர்த்தும் வேதிப்பொருளால் மற்றவையும் திரண்டெழும். தேனீயின் கொடுக்கு முட்களால் தோலில் சிக்கி அறுந்துவிடும். குளவியின் கொடுக்கு அவ்வாறு சிக்குவதில்லை. ஆதலால் ஒரே குளவி பலமுறை கொட்டும். கொட்டுபவை பெண்குளவிகளே, முட்டையிடும் உறுப்பே கொடுக்காக உருமாறியுள்ளது.

பனையேறுவோர், விறகு வெட்டுவோர், நூறு நாள் வேலையில் கண்மாய்ப் புதர்களை அகற்றுவோர் ஆகியோரே பெரிதும் இடருக்கு உள்ளாகின்றனர். பிழைப்பிற்காக மரத்தில் ஏறியவர் பாதி உயரத்தில் தாக்கப்பட்டால் ஓட வழியில்லை. ஆகவே, ஏறுமுன் மரத்தின் உச்சியைச் சுற்றிவந்து பார்ப்பதும், பூட்டிக்கிடந்த மோட்டார் அறையைத் திறக்குமுன் கூரையை நோக்குவதும் கட்டாயக் கடமைகள். கதண்டுக் கூட்டைத் தாமே தீவைத்து அழிக்க முயல்வது பேரிடர். காய்ந்த பனையோலையும் அருகிலுள்ள வைக்கோற்போரும் நொடியில் பற்றிக்கொள்ளும். தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையை 101 என்ற எண்ணில் அழைப்பதே முறை.

கொட்டியபின்

கூட்டம் கலைந்துவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு விரைந்து விலகி, ஓர் அறைக்குள் புகுந்து கதவை அடைக்கவேண்டும். கிணற்றில் குதித்தல் கூடாது. நீரில் மூழ்கும் இடர் கொடுக்கினும் கொடியது. கொட்டிய இடத்தைச் சோப்பு நீரால் கழுவிக் குளிர்ந்த ஒற்றடம் இடலாம். வீக்கம் ஏறுமுன் மோதிரம், வளையல் முதலியவற்றைக் கழற்றவேண்டும்.

சிலருடைய உடல் ஒரே கொட்டுக்கும் மிகையாக எதிர்வினை காட்டும். உடல் முழுதும் தடிப்பு, உதடும் நாவும் வீங்குதல், மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியன அதன் அறிகுறிகள். இத்தகைய எதிர்வினையை 1902 இல் விளக்கிய ஆய்வுக்காகப் பிரெஞ்சு மருத்துவ அறிஞர் ஷார்ல் ரிஷே 1913 இல் நோபல் பரிசு பெற்றார். இதற்கு உடனடி மருந்து அட்ரினலின் ஊசி. எனவே, சுண்ணாம்பு தடவிவிட்டுக் காத்திருக்காமல் 108 ஊர்தியை அழைக்கவேண்டும். பல குளவிகள் கொட்டியிருந்தால், நலமாக இருப்பதுபோல் தோன்றினாலும் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். நஞ்சின் மிகுதி பின்னர்ச் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும்.

பகையல்ல, காவல்

குளவிகளை அடியோடு ஒழித்தால் இழப்பு உழவருக்கே. பயிரைத் தின்னும் புழுக்களைக் காகிதக் குளவிகள் வேட்டையாடுகின்றன. கொசுவினும் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகளோ மனிதரைக் கொட்டுவதே இல்லை. 2008 இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி எனப் பல பயிர்களில் பரவியது. 2010 இல் போர்ட்டோரிக்கோவிலிருந்து வரவழைக்கப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகளே அதனைக் கட்டுக்குள் கொண்டுவந்தன. பூச்சிக்கொல்லியால் அடங்காத பூச்சியைக் கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு சிறு குளவி அடக்கியது.

திருச்சுழி மண்ணின் பாடம்

1879 ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் திருவண்ணாமலையில் இரமண மகரிஷி என அறியப்பட்டார். ஒருமுறை மலையில் நடந்து செல்கையில் அவருடைய கால், புதரில் மறைந்திருந்த குளவிக்கூட்டில் பட்டுவிட்டது. சினந்தெழுந்த குளவிகள் அக்காலையே மொய்த்துக் கொட்டின. அவர் விலகாமல் நின்றார். அறியாமல் நேர்ந்த செயலுக்கு வருந்துவானேன் என்று புலவர் முருகனார் பிற்காலத்தில் வினவினார். அறியாமல் நேர்ந்ததாயினும், பிறிதோர் உயிரின் வீட்டைக் கலைத்ததற்கு வருந்தாத மனம் எத்தகையது என்னும் பொருள்பட அவர் ஒரு செய்யுளால் விடையளித்தார்.

அவரைப்போல் கொட்டுண்டு நிற்பது எவருக்கும் ஏற்றதன்று. அது உயிருக்கே இறுதியாகலாம். ஆனால் அவ்விடையில் அடங்கிய உண்மை அனைவருக்கும் உரியது. கொடுக்கு, குளவியின் பகைமையன்று. அது தன் கூட்டின் காவல். மனிதர் தம் வீட்டைக் காப்பதுபோல் அதுவும் தன் வீட்டைக் காக்கிறது. எந்தக் கூடு எதுவென அறிந்து, விடத்தக்கதை விட்டு, விலகத்தக்கதினின்று விலகி, அகற்றவேண்டியதை உரியவரைக் கொண்டு அகற்றும் வீட்டில் குளவிக்கும் இடமுண்டு; மனிதருக்கும் அச்சமில்லை.